மூன்றாவது பச்சை விளக்கு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் மட்டும் குடியிருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் மூணுபச்சை. "மூணுபச்சை வந்திருக்காரு, நாயைக் கட்டு" என்பார்கள். "மூணுபச்சை நம்பர் உங்ககிட்ட இருக்கா?" என்பார்கள். அவரும் போனை எடுத்தால், "சொல்லுங்க, மூணுபச்சைதான்" என்று ஆரம்பித்துவிடுவார்.

காரணம் ஒரு செட்டாப் பாக்ஸ். டிவிக்கு வரும் அதே கறுப்புக் கம்பி வழியாக இணையத்தையும் கொண்டுவந்து, பெட்டியின் முதுகில் இருக்கும் சின்னப் பொந்திலிருந்து ஒரு நீல வயரை எடுத்து வீட்டுக் கணினியில் செருகிவிடுவது அவர் வேலை. பெட்டியின் முகத்தில் மூன்று பச்சை விளக்குகள். முதலாவது எரிந்தால் மின்சாரம் இருக்கிறது. இரண்டாவது எரிந்தால் டிவி தெரியும். மூன்றாவது எரிந்தால் இணையம். முதல் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள். மூன்றாவது அப்படியில்லை. மழைக்குக் கோபித்துக்கொள்ளும், வெயிலுக்கும் கோபித்துக்கொள்ளும், ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் காரணமில்லாமல் கண்ணை மூடிக்கொள்ளும். யார் எதற்காகப் போன் செய்தாலும் மூணுபச்சை முதலில் கேட்பது ஒன்றுதான்: "மூணாவது பச்சை எரியுதா?"

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் கூரைகளின் மேல் ஏறி ஆன்டெனா திருப்பிக்கொண்டிருந்தார். அப்போது கேட்ட கேள்வி "தெரியுதா?" மாடியில் நின்று பதினைந்து வருஷம் "தெரியுதா?" என்று கத்தினார். பிறகு ஏழு வருஷமாக, தரையில் குந்தியபடி, "எரியுதா?" இரண்டு கேள்விக்கும் பதில் வேறொருவர்தான் சொல்ல வேண்டும் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

முன்னூற்று நாற்பது வீடுகளுக்கு இணையம் கொடுத்தவர், இணையத்தில் ஒரே ஒரு பக்கம்தான் பார்த்திருந்தார். விளக்கு எரிந்ததும் கணினியில் கம்பெனியின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பக்கத்தின் மூலையில், யாரோ என்றோ மாற்ற மறந்துபோனதால், கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் ஒரு குளிர்ப் பிரதேச ஊரின் வானிலை வந்துகொண்டே இருந்தது. தன் தெருவில் நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அந்த ஊரில் இன்று பனி பெய்கிறதா என்று கேட்டால் உடனே சொல்வார்.

வைத்தியமும் ஒன்றுதான் வைத்திருந்தார். "ஸ்விட்சை அணைங்க. முப்பது எண்ணுங்க. போடுங்க." ஒருநாள் பயிற்சியில், டீக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே, டை கட்டிய ஒருவர் சொல்லிக்கொடுத்தது பத்து. அதை முப்பதாக்கியது மூணுபச்சையின் சொந்தக் கண்டுபிடிப்பு. பத்து என்று சொன்னால் ஜனங்கள் மூன்றிலேயே போட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். முப்பது என்று சொன்னால் பத்து வரையாவது எண்ணுவார்கள். பத்துக்கு ஒன்பது தடவை இந்த மருந்து கேட்டது. ஏன் கேட்டது என்று அவரும் கேட்டதில்லை, பெட்டியும் சொன்னதில்லை. அவர் பகுதியில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்கும் முப்பது வரை எண்ணத் தெரிந்திருந்தது.

நீல வயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் நீளம் மூன்று மீட்டர். அதற்கு மேல் கம்பெனி தராது. ஆகவே ஒன்று கணினி டிவியைத் தேடி வரவேண்டும், அல்லது டிவி கணினியைத் தேடிப் போகவேண்டும். எது எதனிடம் போனது என்று பார்த்தால் போதும், அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது என்று மூணுபச்சைக்குப் புரிந்துவிடும். டிவி படிப்பறைக்குப் போன வீடுகள் மொத்தமே ஒன்பது. மீதி வீடுகளில் எல்லாம் பிள்ளைகள் கூடத்தில், குண்டு வெடிக்கும் படத்துக்கும் அழுகிற தொடருக்கும் பக்கத்தில், காதைப் பொத்திக்கொண்டு உலக அறிவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மூணுபச்சையின் வீடு அந்த ஒன்பதில் சேராது. கூடத்தில் டிவி, அதன் கீழ்த் தட்டில் பெட்டி, பக்கத்தில் மடக்கு மேசைமேல் ஒரு வாடிக்கையாளர் வேண்டாம் என்று கொடுத்த பழைய கணினி. எதிரே ஒரு கட்டில். கட்டிலில் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. குளிர்பதனக் கிடங்கில் காவல் வேலை. காலையில் வீடு திரும்பி, மல்யுத்தம் பார்த்தபடி தூங்குவான். டிவியை அணைத்தால் விழித்துக்கொள்வான். மனைவி எழுதுபொருள் கடையில் காசாளர். வெளியே கிளம்பும்போது வீட்டிலுள்ள எல்லா ஸ்விட்சையும் வரிசையாக அணைத்துவிட்டுப் போவது அவள் பழக்கம். அதனால் பெட்டியின் ஸ்விட்சுக்கு மேல் மட்டும் மூணுபச்சை சிவப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டிவைத்திருந்தார்.

இவர்கள் நடுவில்தான் மகள் படித்தாள். ஒரே மகள். ஏழு வயதிலேயே கண்ணாடி போட்டவள். கண்ணாடிக் கடையில் மரப்பெட்டியைத் திறந்து, வரிசையாக அடுக்கிய வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மூக்குச் சட்டத்தில் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்ட அம்மாளை அன்றைக்குப் பார்த்தவள், பத்து வருஷமாக வேறு எதுவாகவும் ஆக வேண்டுமென்று நினைத்ததில்லை. கண் பரிசோதனைப் படிப்பு. தலைநகரத்துக் கல்லூரி ஒன்றில்தான் நல்லபடியாக இருந்தது. நாற்பது இடம்.

நுழைவுத் தேர்வில் அவளுக்கு வந்த தரவரிசை எண்ணைப் பார்த்து எல்லோரும் கிடைத்துவிடும் என்றார்கள். ஆனால் இடம் கொடுப்பது இணையத்தில். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம். அவளுக்குப் புதன்கிழமை, காலை பத்து முதல் பத்தரை. அந்த நேரத்துக்குள் உள்ளே போய், கல்லூரியையும் படிப்பையும் தொட்டு, உறுதி செய்ய வேண்டும். தவறினால் வரிசை நகர்ந்துவிடும்.

"எதுக்கும் நேர்லயே போயி நின்னா என்னங்க?" என்றாள் மனைவி.

"நேர்ல போனாலும் அங்க ஒரு கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்கார வைப்பாங்களாம். அரைநாள் ரயில்ல போய் உக்காரறதுக்கு நம்ம வீட்லயே உக்காரலாமே. நான் இருக்கேன்ல?" என்றார் மூணுபச்சை.

ஊருக்கெல்லாம் இணையம் கொடுப்பவர் வீட்டில் இணையத்துக்கு என்ன குறை என்பது எல்லோருக்குமே நியாயமாகப் பட்டது. இருந்தாலும் அவர் அசட்டையாக இருக்கவில்லை. வாசலில் வரும் கம்பியின் முனையை வெட்டி, புது கனெக்டர் போட்டார். கம்பத்தில் ஏறி இணைப்பை இறுக்கினார். மூன்று நாள் காலை பத்து மணிக்கு ஒத்திகை நடத்தினார். மகள் கணினி முன்னால், அவர் பெட்டி முன்னால், மச்சினன் மல்யுத்தமில்லாமல்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களா, கம்ப்யூட்டர் பாக்க வர்றாங்களா அத்தான்?" என்றான் மச்சினன், போர்வைக்குள்ளிருந்து.

"புதன்கிழமை ஒருநாள் வாயை மூடிட்டுப் படுத்திரு மாப்ள. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"டிவி இல்லாம எனக்குத் தூக்கம் வராதே."

"வரலைன்னா முழிச்சிரு. வேலைக்குப் போற எடத்துல தூங்கிக்கலாம். அதானே வழக்கம்?"

மூன்று நாளும் மூன்றாவது பச்சை கண்ணிமைக்காமல் எரிந்தது.

புதன்கிழமை அவர் விடுப்பு எடுத்தார், பதினோரு மாதத்தில் முதல்முறையாக. மனைவி கடையில் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தாள். மகள் குளித்து, தலை வாரி, நேரில் யாரோ பார்க்கப்போவதுபோல நல்ல உடை போட்டு உட்கார்ந்தாள். மணி ஒன்பது நாற்பத்திரண்டு இருக்கும். மூன்றாவது பச்சை அணைந்தது.

மூணுபச்சை பதறவில்லை. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கிறது, அவருக்கு வேண்டியது முப்பது எண்ணும் நேரம். குனிந்து சிவப்பு டேப்பின் ஓரத்தை நகத்தால் தூக்கினார்.

"அத்தான், இருங்க" என்றான் மச்சினன். அவன் அதற்குள் பழக்கதோஷத்தில் டிவியைப் போட்டிருந்தான். திரை முழுவதும் நீலம். நடுவில் எழுத்து: பெட்டிக்குப் புதிய மென்பொருள் ஏற்றப்படுகிறது. அதன் கீழே சிவப்பில்: எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம். அணைத்தால் பெட்டி நிரந்தரமாகச் செயலிழக்கும். அதற்கும் கீழே ஒரு நீளக் கட்டம். அதில் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. நான்கு சதவீதம்.

மூணுபச்சை டேப்பை மறுபடி அழுத்தி ஒட்டினார். கம்பெனியின் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். அங்கே இருந்த அம்மணி இவரை நேரில் பார்த்ததில்லை. ஏழு வருஷமாகக் குரல் பழக்கம்.

"ஆமா அண்ணே, இன்னைக்குத்தான் போடச் சொல்லி மேலேர்ந்து வந்துச்சு. தெருத் தெருவா எல்லாப் பெட்டிக்கும் போயிட்டிருக்கு."

"எவ்ளோ நேரம் மேடம் ஆகும்?"

"பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு."

"நிறுத்த முடியாதா? எங்க வீட்டுக்கு மட்டும்?"

"நிறுத்தற பட்டன் எங்ககிட்ட இல்லண்ணே, அனுப்பற பட்டன்தான் இருக்கு. அண்ணே, முக்கியமா ஒண்ணு. யாரும் அணைச்சிடக் கூடாது. உங்க ஏரியா ஆளுங்கதான் விளக்கு போனா உடனே அணைச்சு முப்பது எண்ணுவாங்களே. நீங்கதானே பழக்கி வச்சிருக்கீங்க? அத்தனை பெட்டியும் செத்துச்சுன்னா என் வேலையும் போச்சு, உங்க வேலையும் போச்சு."

முன்னூற்று நாற்பது வீடுகளில், இந்த நிமிஷம், எத்தனை கைகள் ஸ்விட்சை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்?

போனை வைத்ததும் அது அடித்தது. அதற்குப் பிறகு அது நிற்கவில்லை.

"அணைக்காதீங்க" என்றார் மூணுபச்சை.

"என்னது?"

"அணைக்காதீங்க. தொடவே தொடாதீங்க."

"யாரு பேசறது? மூணுபச்சைதானே?"

"ஆமா சார், நான்தான். இன்னைக்கு மட்டும் அணைக்காதீங்க."

"பாதி எண்ணிட்டனேய்யா!"

"எண்ணுங்க சார், தப்பில்ல. அணைக்காம எண்ணுங்க."

இந்தக் களேபரத்தில் மச்சினன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. "அத்தான், பஸ் ஸ்டாண்டு பின்னால ஒரு நெட் கடை இருக்கு. அது வேற கம்பெனி லைன். நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன். இருபத்தஞ்சு நிமிஷம்."

மூணுபச்சை கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பது. இங்கே இன்னும் ஏழு நிமிஷம், அங்கே இருபத்தைந்து நிமிஷம். "அதுக்குள்ள இங்கயே வந்துடும்டா. ரோட்ல மாட்டிக்கிட்டா என்ன பண்றது? இரு." கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் போட்ட எண்தான் தப்பு.

பத்து மணிக்கு வெள்ளைக் கோடு நாற்பத்தொன்றில் நின்றது. மகள் கணினித் திரையைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் டிவியை இத்தனை பேர் ஒன்றாக, இத்தனை அமைதியாக, என்றைக்கும் பார்த்ததில்லை. பத்து நான்குக்கு அறுபத்தொன்று. அத்துடன் அசையவில்லை.

"இப்பவே கெளம்பிடலாம் அத்தான். விரட்டிப் போனா இருபது நிமிஷத்துல போயிடுவேன்" என்றான் மச்சினன்.

மூணுபச்சைக்கும் அதுதான் சரி என்று பட்டது. "கெளம்பு கண்ணு" என்றார். மகள் தன் எண் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஒரு செருப்பை மாட்டிவிட்டாள். இரண்டாவது செருப்புக்குள் கால் போகும்போது, "நகருதுங்க!" என்று மனைவி உள்ளேயிருந்து கத்தினாள்.

அறுபத்திரண்டு.

ஒற்றைச் செருப்புடன் மகள் திரும்பி வந்தாள். நான்கு பேரும் டிவி முன்னால் நின்றார்கள். அறுபத்திரண்டு அறுபத்திரண்டாகவே இருந்தது. நகர்ந்தது அவர்களைப் போகவிடாமல் தடுப்பதற்காக மட்டும் என்பதுபோல.

கட்டுப்பாட்டு அறையின் எண் இப்போது ஓயாமல் பேச்சில் இருந்தது. கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தின் எண்ணில், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டாள். நடுவில் இவருடைய போனும் விடவில்லை. மருந்துக்கடைக்காரர், தையல்கார அம்மா, மாடி வீட்டு வக்கீல். ஒவ்வொருவரிடமும் அதே பாட்டு: அணைக்காதீங்க. ஏழு வருஷம் ஒன்றைச் சொல்லி நம்பவைத்தவர், அரைமணி நேரத்தில் அதற்கு நேர்மாறானதைச் சொல்லி நம்பவைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் நம்பினார்கள். அவர் வாயிலிருந்து வந்தால் எதையும் நம்பும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டிருந்தது.

பத்து இருபது.

"அப்பா" என்றாள் மகள். "அணைச்சுப் போட்டுப் பாக்கலாம்பா."

"வேணாம்டா கண்ணு."

"முப்பது எண்ணிட்டுப் போடலாம். எப்பவும் வருமே."

அவள் குனிந்து டேப்பின் ஓரத்தில் விரலை வைத்தாள். அவர் கொஞ்சம் முன்னால் தூக்கிவிட்ட அதே ஓரம். மூணுபச்சை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கியல்ல, ஆனால் விடவுமில்லை.

"செத்துப்போயிடும்டா. அப்புறம் சுத்தமா ஒண்ணுமே கெடையாது. இப்பவாவது வர்றதுக்கு வழியிருக்கு."

"ஊருக்கெல்லாம் அதானே மருந்து குடுக்கறீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன பத்தியம்?" என்றான் மச்சினன். இந்தத் தடவை அவன் கேலியாகச் சொல்லவில்லை.

"அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? சும்மா இருடா" என்றாள் மனைவி.

இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எத்தனையோ நாள் அவர் அதைக் கேட்க ஆசைப்பட்டிருந்தார்.

அவருக்குத் தெரிந்தது என்ன? சிவப்பு எழுத்தில் எழுதியிருந்ததும் போனில் சொல்லப்பட்டதும்தான். பெட்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அதன் வயிற்றில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அந்த வில்லையின் வார்த்தையை ஏழு வருஷமாக மீறாதவர், இன்றைக்கு மட்டும் எப்படி மீறுவார்?

பத்து இருபத்தெட்டு. எழுபது. மகள் கணினி முன்னால் போய் உட்கார்ந்து, ஏதாவது ஆகிவிட்டால் உடனே தொடுவதற்காக மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பத்தரைக்கு அந்தக் கையை எடுக்கவில்லை. பத்து முப்பத்திரண்டுக்கும் எடுக்கவில்லை.

பத்து முப்பத்தேழுக்கு மூன்றாவது பச்சை எரிந்தது. முதலில் வந்தது கம்பெனியின் பக்கம். குளிர் ஊரில் லேசான தூறல், காற்று வடக்கிலிருந்து. பிறகு சேர்க்கைப் பக்கம். அது வழக்கத்தைவிட வேகமாகத் திறந்தது. புது மென்பொருளின் மகிமையாக இருக்கலாம். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடிவடைந்தது, நன்றி என்றது.

சேர்க்கை அலுவலகத்தின் பாட்டு பதினொன்று பத்துக்கு நின்றது. ஒரு மனிதர் பேசினார். கெட்டவர் இல்லை. "புரியுதுங்க. ஆனா உங்க இணைப்பு வேலை செய்யலைன்னா அது உங்க பொறுப்புன்னு விதியில பதினோராவது வரியில இருக்கு. ரெண்டாவது சுத்துல மிச்சம் இருக்கறதைப் பாத்து எடுத்துக்கச் சொல்லுங்க."

"நாந்தாங்க இணைப்பு குடுக்கறவனே" என்றார் மூணுபச்சை. அது யாருக்கு என்ன சாட்சியம் என்று சொன்ன பிறகுதான் யோசித்தார்.

"அப்படியா?" என்றார் அந்த மனிதர்.

இரண்டாவது சுற்றில் கண் பரிசோதனை இல்லை. மருத்துவமனைப் பதிவேடு பராமரிக்கும் படிப்பு ஒன்று, வேறொரு ஊரில், மிச்சமிருந்தது. மகள் அதைத் தொட்டாள். அன்று மூன்றாவது பச்சை எரிந்துகொண்டே இருந்தது. நெருப்பு மாதிரி எரிந்தது.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "நீங்க என்னப்பா பண்ணுவீங்க" என்றாள். வீட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள். அந்த வாக்கியம் அவருக்கு ஒரு நிழல்குடை மாதிரி இருந்தது. பத்து நாள் அதன் கீழேயே நடமாடினார்.

பத்தாவது நாள் கம்பெனி ஒரு பட்டியலைக் கொடுத்தது. எல்லா வீட்டுக்கும் போய், புதிய மென்பொருள் திருப்தியாக வேலை செய்கிறது என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். பட்டியலில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரும் இருந்தார். நிலம் அளந்தே வாழ்நாளைக் கழித்த மனிதர். காது மந்தம், போனை எடுக்கமாட்டார். டிவியின் படக்குழாய் போய் மூன்று வருஷமாகிறது, மாற்றவில்லை. டிவி இல்லாத வீட்டில் செட்டாப் பாக்ஸ் மட்டும் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இணையம் கொடுத்துக்கொண்டிருந்தது. சதுரங்கம் ஆடுவார், யாரோ முகம் தெரியாதவர்களோடு.

"வாங்க தம்பி, வாங்க" என்றார் சர்வேயர், காது மந்தமானவர்களின் உரத்த குரலில். "உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன். போன புதன்... இல்ல, அதுக்கு முந்தின புதன். ஆட்டத்துல நல்ல எடத்துல இருக்கேன், மூணாவது பச்சை போச்சு. பத்து மணி பத்து நிமிஷம். நான் எல்லாம் குறிச்சு வைக்கற ஆளு."

மூணுபச்சை பேனாவை மூடியிலிருந்து எடுத்தவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்ன மாதிரி அணைச்சேன். முப்பது எண்ணினேன். கடிகாரம் வச்சு எண்ணுவேன், ஏமாத்தமாட்டேன். போட்டேன். பழையபடி ஜம்முனு எரிஞ்சுது. ஆட்டத்தையும் ஜெயிச்சேன்." சர்வேயர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார், தேதியும் நேரமும் சேர்த்து. "கெட்டிக்கார வைத்தியர்யா நீங்க."

அவர் மூணுபச்சையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூணுபச்சை குலுக்கக் கொடுத்தார்.

வாசலில் நின்று கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார்.

"ஆமா அண்ணே, எங்களுக்கும் அப்புறந்தான் தெரிஞ்சுது" என்றாள் அம்மணி. "நடுவுல அணைச்சவங்க ஒரு அறுபது பேரு. ஒரு பெட்டியும் சாகல. பழைய மென்பொருள்ல எழுந்திரிச்சு, ராத்திரி தானா புதுசு ஏத்திக்கிச்சு. அந்த சிவப்பு எழுத்து சும்மா ஒரு ஜாக்கிரதைக்குப் போட்டதாம்."

"சும்மாவா?"

"செஞ்ச கம்பெனிக்காரன் எல்லா நாட்டுக்கும் அப்படித்தான் போடுவானாம். ஏண்ணே, ஏதாச்சும் பிரச்சனையா?"

"இல்ல மேடம்" என்றார். அவள்மேல் கோபம் வருமா என்று பார்த்தார். வரவில்லை. செய்த கம்பெனிக்காரன்மேல் வருமா என்று பார்த்தார். அவன் முகம் தெரியவில்லை. சர்வேயர் ஒருவர்தான் கண்முன்னால் இருந்தார், ஜன்னல் வழியே கையசைத்துக்கொண்டு.

அன்றைக்கு மீதி வீடுகளுக்குப் போகாமல் மூணுபச்சை வீட்டுக்கு வந்தார். மத்தியானம் மூன்று மணி. மனைவி கடையில் இருந்தாள். மச்சினன் மல்யுத்தம் ஓடவிட்டுப் படுத்திருந்தான். மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வேறு ஊருக்குப் போகும் பெட்டி. சொல்லாமலிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நீங்க என்னப்பா பண்ணுவீங்க என்ற குடை காலம் முழுக்க நிற்கும். வழி நெடுக அப்படித்தான் தீர்மானித்து வந்திருந்தார்.

"கண்ணு" என்றார். "அன்னைக்கு அணைச்சிருக்கலாம்டா."

மகள் மடித்த துணியைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தாள்.

"சர்வேயர் அணைச்சிருக்காரு. முப்பது எண்ணிப் போட்டாராம். உடனே வந்துடுச்சாம். செத்துப்போகும்னு சொன்னது சும்மாவாம்."

மச்சினன் கையை நீட்டி டிவியின் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தான். திரையில் ஒருவன் இன்னொருவனைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டான்.

"எத்தனை மணிக்கு?" என்றாள் மகள்.

"பத்து பத்துக்கு."

அவள் தலையை ஆட்டினாள், யாரோ வழி சொல்லக் கேட்டுக்கொள்வதுபோல. தன் வலது மணிக்கட்டை ஒருமுறை பார்த்தாள். அவர் அதைக் கவனித்தார்; அவர் கவனித்ததை அவள் கவனித்துக் கையை மடித்த துணிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. மூணுபச்சை பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்தார். தையல்கார அம்மா. அவர் பேசாமலிருந்ததால் அந்த அம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது: "மூணுபச்சை! ஹலோ! மூணாவது பச்சை போயிடுச்சு. போன வாட்டி மாதிரியா, அணைக்கலாமா, அணைக்கக் கூடாதா? சொல்லுங்க, ஆர்டர் அனுப்பணும், அவசரம். ஹலோ?"

அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

மகள் எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

"அணைங்க அக்கா" என்றாள். "அணைச்சிட்டீங்களா? சரி, அப்படியே லைன்ல இருங்க. நீங்க வேகமா எண்ணிடுவீங்க. நானே எண்ணறேன்."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அவள் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். அவசரப்படாமல், ஒரு எண்ணையும் விழுங்காமல். மச்சினன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். மூணுபச்சை நின்ற இடத்திலேயே நின்றார். அவர் சொல்லிச் சொல்லி, மற்றவர்கள் எண்ணிய எண். முழுதாக ஒருமுறைகூட அவர் காதால் கேட்டதில்லை. பன்னிரண்டு வரும்போது உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. இருபது வந்தது. இருபத்தொன்பது வந்தது.

"முப்பது. போடுங்க அக்கா" என்றாள் மகள்.

"எரியுதா?"

எரிந்துவிட்டதாம்.